கவிழ்த்துவைத்த தட்டு

ஆத்திரத்தை அடக்கினாலும் மூத்திரத்தை அடக்க முடியாது என்று ஒரு சொலவடை உண்டு. யாரோ ஓர் ஆம்பிளை சொன்னது. நடுச்சந்தையில் கடை போட்டிருக்கும் பெண்களைக் கேட்டுப் பாருங்கள். ஆத்திரத்தைத்தான் அடக்க முடியவில்லை, மற்றதை அடக்கி அடக்கியே ஆயுசு போகிறது என்பார்கள். விடிகாலையில் வீட்டில் ஒரு வாய்த் தண்ணீர். அப்புறம் சரக்கை விற்று, சாக்கை மடித்து, பஸ்ஸில் நசுங்கி வீடு போய்ச் சேரும் வரை தொண்டையில் ஒரு சொட்டு இறங்காது. வெயில் மண்டையைப் பிளந்தாலும் உதட்டை நாக்கால் நனைத்துக்கொண்டு, "ரெண்டு கட்டு சேர்த்து எடுத்துக்கோங்கம்மா" என்று கூவ வேண்டும். முன்பு ஒருகாலத்தில் இப்படித்தான் இருந்தது. நடுவில் நன்றாக இருந்தது. பிறகு நகரசபை புண்ணியத்தில் பழைய குருடி கதவைத் திறடி என்று ஆயிற்று.

நடுவில் நன்றாக இருந்ததற்குக் காரணம் மிளகாய் அக்கா. பச்சை மிளகாய், இஞ்சி, எலுமிச்சை விற்கிறவள். அந்தப் பேர் சரக்கால் வந்ததா வாயால் வந்ததா என்ற வழக்கு சந்தையில் இன்னும் தீரவில்லை. கல்யாணமான கையோடு கடைக்கு வந்து உட்கார்ந்தவள். புருஷன் மூட்டை தூக்குகிறவன். மொத்தக் கடையிலிருந்து அவன் முதுகில் வரும் மூட்டையை இவள் பிரித்து விற்பாள். இப்போது அவன் முதுகு போய்விட்டது, வீட்டோடு இருக்கிறான். வாய் மட்டும் போகவில்லை.

அவள் வந்த புதிதில் சந்தையில் பெண்களுக்கென்று ஒரு மறைவிடம் கிடையாது. ஆம்பிளைகளுக்குச் சுவர் இருந்தது, ஊரில் எந்தச் சுவரும் அவர்களுக்குச் சொந்தம். கவுன்சிலரிடம் சொல்லிப் பார்த்தார்கள். ஆகட்டும் பார்க்கலாம் என்றார். மிளகாய் அக்கா என்ன செய்தாள்? மறுநாள் காலையில் நாலு பெண்களைக் கூட்டிக்கொண்டு கவுன்சிலர் வீட்டுக் கதவைத் தட்டினாள். அவர் மனைவியிடம், "அக்கா, உங்க வீட்டு பாத்ரூமைக் கொஞ்சம் உபயோகிச்சுக்கிறோம்" என்றாள். அந்த அம்மா பாவம், மறுக்கவில்லை. அடுத்த நாளும் போனார்கள். அதற்கடுத்த நாள் ஆள் கூடியது. கவுன்சிலர் குளிக்கப் போக வரிசையில் நிற்க வேண்டியதாயிற்று. அந்த வாரமே சந்தையின் மூலையில் செங்கல் வந்து இறங்கியது.

இரண்டே கதவு, ஒரு தண்ணீர்த் தொட்டி, ஓட்டைக் கூரை. நாற்றம் மூக்கைத் துளைக்கும். ஆனால் உள்ளே தாழ்ப்பாள் இருந்தது. ஒரு பெண்ணுக்கு அந்தத் தாழ்ப்பாள் என்னவென்று தெரியாதவர்களுக்கு இந்தக் கதையே புரியாது. சந்தைக்காரர்கள் அதற்கு மிளகாய் மாளிகை என்று பேர் வைத்தார்கள். "ஊர்ல பெரிய மனுஷங்க பேர்ல தெரு இருக்கு, பாலம் இருக்கு. என் பொண்டாட்டி பேர்ல கக்கூஸ் இருக்கு" என்று புருஷன் சொல்லிச் சொல்லிச் சிரிப்பான். அவளும் சிரிப்பாள். உள்ளூர அவளுக்குப் பெருமைதான்.

கடையை விட்டுப் போவதற்கு அவர்களுக்குள் ஒரு ஏற்பாடு. சுற்றிலும் மூட்டைக்காரர்கள், வாடிக்கையாளர்கள். "நான் போய்ட்டு வந்துர்றேன்" என்று கத்திச் சொல்ல முடியுமா? அதனால் போகிறவள் தராசுத் தட்டை எடுத்துக் கவிழ்த்துவைத்துவிட்டு எழுந்துவிடுவாள். கரண்டில் ஓடும் தராசு வந்த பிறகும் மேலே வைக்கிற தட்டு அதே தட்டுதான், வழக்கமும் அதேதான். கவிழ்ந்த தட்டைப் பார்த்ததும் பக்கத்துக் கடைக்காரி இரண்டு கடையையும் பார்த்துக்கொள்வாள். வாடிக்கையாளர் கேட்டால், "இப்ப வந்துருவா" என்பாள். வேறு பேச்சே கிடையாது.

இப்படி இருக்கையில் நகரசபைக்குப் பேய் பிடிப்பதுபோல அழகு பிடித்தது. ஊரின் நடுவில் இருக்கும் இடங்களிலெல்லாம் கலை மலர வேண்டுமாம். அதற்கென்று பொதுவிடக் கலை நிதி என்று ஒன்று ஒதுக்கினார்கள். பஸ் நிலையத்துக்கு எதிரே கண்ணாடியில் ஒரு மீன் வந்தது. வங்கி முனையில் இரும்பில் ஏதோ ஒன்று வந்தது. அது குதிரை என்று சேர்மன் சொன்னார், நாமும் ஒப்புக்கொண்டோம். அடுத்து நடுச்சந்தை.

சந்தைக்கு ஒரு சிற்பியை அனுப்பினார்கள். சின்ன வயசு, தாடி, தோளில் துணிப்பை. கெட்டவன் இல்லை, எரிச்சலே அதுதான். கெட்டவனாக இருந்திருந்தால் திட்டித் தீர்த்துவிட்டு நிம்மதியாக இருந்திருக்கலாம். ஒரு வாரம் சாக்கு மேல் உட்கார்ந்து படம் வரைந்தான். எல்லாரையும் அக்கா அக்கா என்றான். மிளகாய் சிதறினால் பொறுக்கிக் கொடுத்தான். கடைசி நாள், நல்ல கூட்ட நேரத்தில், மிளகாய் அக்காவிடம் கேட்டான்.

"அக்கா, எல்லாரும் அப்பப்ப தட்டைக் கவுத்து வெக்கிறீங்களே, அது எதுக்கு?"

பக்கத்தில் மூன்று மூட்டைக்காரர்கள் நிற்கிறார்கள். எலுமிச்சை வாங்க வந்த ஒரு வாத்தியார் நிற்கிறார். கவுன்சிலர் வீட்டுக் கதவைத் தட்டிய வாய், போலீஸ்காரனையே 'போடா' என்ற வாய், அந்த நேரத்தில் பசை போட்டதுபோல ஒட்டிக்கொண்டது.

"அது… சும்மா தம்பி. கொஞ்சம் ஓய்வு எடுத்துக்கறதுக்கு" என்றாள்.

எதிர்க்கடைத் தேங்காய்க்காரி முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு குலுங்கினாள். சிற்பிக்கோ கண் கலங்கிவிட்டது. "ஓய்வு" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். எழுந்து போகும்போது அவளைக் கும்பிட்டுவிட்டுப் போனான்.

கொஞ்ச நாளில் மிளகாய் மாளிகையைச் சுற்றித் தகரம் அடித்தார்கள். தகரத்தில் ஒரு பலகை. 'பெண் வணிகர்களுக்கான சிறப்புத் திட்டம்' என்று பெரிய எழுத்து. கீழே பொடி எழுத்தில் 'பொதுவிடக் கலை நிதி'. பெரிய எழுத்தைப் படித்ததும் சந்தையே குளிர்ந்துபோயிற்று. இடிக்கிற சத்தம் கேட்டபோது பெண்கள் ஒருவருக்கொருவர் எலுமிச்சை பிழிந்து கொடுத்துக் கொண்டாடினார்கள்.

"கலைன்னு போட்டிருக்கே?" என்று தேங்காய்க்காரி மட்டும் இழுத்தாள்.

"டைல்ஸ்ல பூப் படம் போடுவாங்களா இருக்கும். நாம என்ன, பூவைப் பாத்துக்கிட்டே போக மாட்டோமா?" என்றாள் மிளகாய் அக்கா.

வீட்டில் புருஷன் கேட்டான்: "திறப்பு விழாவுல ரிப்பனை வெட்டிட்டு முதல்ல உள்ள போறது யாரு? சேர்மனா, நீயா?"

சிரித்தார்கள். யாருக்குத் தெரியும்? கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று கூடத் தோன்றவில்லை. இடித்த இடத்தில் அதையேதான் கட்டுவார்கள் என்று நம்புவது ஒரு குற்றமா?

தகரம் மாதக்கணக்கில் நின்றது. பக்கத்தில் இருக்கும் பெரிய கடைத்தொகுதிக்குள் போகலாம் என்றால் வாசல் காவலாளி கூடைக்கறை படிந்த சேலையைப் பார்த்ததும் கையை நீட்டி மறிப்பான். ஆகவே மறுபடியும் விடிகாலை ஒரு வாய்த் தண்ணீர், பல்லைக் கடித்துக்கொண்டு சாயங்காலம்வரை. மிளகாய் அக்காவுக்குப் பழகின உடம்பு. பக்கத்தில் கொத்தமல்லி விற்கிற மருமகளுக்கு அப்படி இல்லை. மகனைக் கட்டி வந்து இரண்டு வருஷம், வாயில் விரலை வைத்தால்கூடக் கடிக்கத் தெரியாத பெண். அவளுக்கு அப்போது ஐந்தாம் மாதம். வயிற்றில் பிள்ளை உதைக்கிற நேரத்தில் அடக்குவது என்றால் என்ன வேதனை என்பது அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும். அவள் ஒரு வார்த்தை சொல்ல மாட்டாள். கால்மேல் கால் போட்டுக்கொண்டு, முகம் வெளுத்து உட்கார்ந்திருப்பாள்.

"பொறுத்துக்கோ கண்ணு. உன்னை மாதிரிப் பொண்ணுங்களுக்குத்தான் புதுசா கட்டுறாங்க. இன்னும் கொஞ்ச நாள்" என்பாள் மாமியார்.

கண்ணு பொறுத்துக்கொண்டாள். தண்ணீரைக் குறைத்தாள், பிறகு அடியோடு நிறுத்தினாள். ஒரு நாள் கொத்தமல்லிக் கட்டின்மேல் அப்படியே சாய்ந்தாள். உடம்பு நெருப்பாகக் கொதிக்க, பல் தந்தியடிக்க, ஆட்டோவில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். நீர்ப்பாதையில் கிருமி, சிறுநீரகம்வரை ஏறிவிட்டது என்றார் டாக்டரம்மா. இன்னும் ஒரு நாள் விட்டிருந்தால் தாய், பிள்ளை இரண்டுக்கும் உத்தரவாதம் இல்லை என்றார்.

"மாசமா இருக்கிற பொண்ணு தண்ணி குடிக்கணும்னு கூடவா வீட்டுல யாரும் சொல்லல?" என்று மிளகாய் அக்காவைப் பார்த்துக் கத்தினார்.

பொறுத்துக்கோ என்று சொன்னது அவள்தானே. கட்டில் ஓரத்தில் நின்று மருமகளின் பாதத்தைத் தேய்த்துவிட்டுக்கொண்டே இருந்தாள். மருமகள் கண்ணைத் திறந்து, "கட்டி முடிச்சிட்டாங்களா அத்தை?" என்று கேட்டாள். பிள்ளை தப்பியது. பிள்ளையின் கெட்டிக்காரத்தனம், வேறு யாருக்கும் அதில் பங்கில்லை.

மருமகள் வீடு திரும்பின வாரத்தில் திறப்பு விழா வந்தது. பந்தல், நாற்காலி, மைக். தகரத்தைக் கழற்றி, உள்ளே இருந்ததன்மேல் பட்டுத்துணி போர்த்தியிருந்தார்கள். கக்கூஸுக்குப் பட்டுத்துணியா என்று மிளகாய் அக்காவுக்கு அப்போதே ஒரு உதறல். சேர்மன் கயிற்றை இழுத்தார். துணி சரிந்தது.

மூன்று எஃகுத் தூண்கள். அவற்றின்மேல், ஒரு அறை அகலத்துக்கு, முகம் பார்க்கிற பளபளப்பில் ஒரு தராசுத் தட்டு. கவிழ்ந்திருந்தது. கீழே கல் பதித்த மேடை, நடுவில் தண்ணீர் வடிய ஓர் இரும்புச் சல்லடை, ஓரத்தில் தட்டைக் கழுவ ஒரு குழாய். மேடையில் ஒரே ஒரு சொல்லைச் செதுக்கியிருந்தார்கள்: ஓய்வு.

தேங்காய்க்காரி, "அடி ஆத்தி!" என்றாள். அவ்வளவுதான். ஒருத்தி சிரித்தாள், இன்னொருத்தி சிரித்தாள், வரிசையாகப் பெண்கள் ஒருவர் தோளில் ஒருவர் விழுந்து, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்கள். சேர்மன் நெகிழ்ந்துபோனார். "உழைக்கும் பெண்களின் முகத்தில் இந்தச் சிரிப்பைக் காணவே இத்தனை பாடுபட்டோம்" என்று மைக்கில் சொன்னார்.

மிளகாய் அக்கா சிரிக்கவில்லை. கூட்டத்தைப் பிளந்துகொண்டு மேடைக்குப் போனாள்.

"கக்கூஸ் எங்க?"

கலைத் திட்ட அதிகாரி குறுக்கே வந்தார். இஸ்திரி கலையாத சட்டை, மெல்லிய குரல். "அம்மா, அது பழுதான கட்டடம்னு சுகாதாரப் பிரிவே சொல்லிருச்சு. புதுசு கட்டுறது அவங்க பொறுப்பு. இது கலைக்குன்னு வந்த நிதி. இதுல ஒரு செங்கல்கூட வேற எதுக்கும் வெக்க முடியாது."

"அவங்க எப்பக் கட்டுவாங்க?"

"நிதி வந்ததும்."

"அப்ப இடிக்கிறதுக்கு எந்த நிதி?"

"அது… இடத்தைத் தயார் பண்றது. கலையில சேரும்."

இடித்தது கலை! ஐயா, நீங்களே சொல்லுங்கள், கேட்டால் இரத்தம் கொதிக்குமா கொதிக்காதா? பிள்ளையைக் கிள்ளிவிட்டுத் தொட்டிலை ஆட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறோம். இவர்கள் தொட்டிலை உடைத்துவிட்டு அந்த இடத்தில் தாலாட்டுக்குச் சிலை வைக்கிறவர்கள். மிளகாய் அக்கா சேர்மனின் கையிலிருந்து மைக்கைப் பறித்தாள். சேர்மன் ஏதோ நன்றியுரை என்று நினைத்து விட்டுக்கொடுத்தார்.

"இந்தத் தம்பி என்கிட்ட கேட்டப்ப வெக்கப்பட்டுப் பொய் சொன்னேன். இப்ப உண்மையைச் சொல்றேன், எல்லாரும் கேட்டுக்கோங்க. தட்டைக் கவுத்து வெச்சா ஓய்வு இல்ல. நான் ஒண்ணுக்குப் போறேன், கடையைப் பாத்துக்கோன்னு அர்த்தம்! நாங்க போயிட்டிருந்த இடத்தை இடிச்சுட்டு, 'போறேன்'னு சொல்ற தட்டை மட்டும் ஊர் பாக்கத் தூக்கி நிறுத்தியிருக்கீங்களே, போறது எங்கடா? உங்க தலையிலயா? எம் மருமக வயித்துப் பிள்ளையோட செத்துப் பொழைச்சா. கட்டுறாங்க கட்டுறாங்கன்னு அவளை அடக்க வெச்ச பாவி நான். அந்தப் பாவத்தை எந்தத் தட்டுல வெச்சு நிறுப்பீங்க?"

மைக்கை நிறுத்திவிட்டார்கள். அவள் குரலுக்கு மைக் எதற்கு, மீதியும் கடைசி வரிசைவரை கேட்டது. சிற்பி பந்தல் கால் ஓரத்தில் வெளிறிப்போய் நின்றான்.

ஊரே செல்போனில் பார்த்துச் சிரித்தது. சிரித்து முடித்ததும் மறந்தும்போனது. நகரசபை மறக்கவில்லை, நடவடிக்கை எடுத்தது. தட்டின் கீழே ஒரு புதுப் பலகை வைத்தார்கள்: 'பெண் வணிகர்களின் இயற்கைத் தேவைகளையும் போற்றும் படைப்பு'. போற்றுகிறார்களாம்! யாரும் தொடாமல் பார்த்துக்கொள்ள ஒரு காவலாளியையும் போட்டார்கள். தினமும் காலையில் ஆள் வந்து சோப்புப் போட்டுத் தட்டைக் கழுவிவிட்டுப் போனான். தட்டுக்குக் குளிக்கத் தண்ணீர் உண்டு, வழிந்து போகச் சாக்கடை உண்டு, துணைக்கு ஆள் உண்டு. தட்டாய்ப் பிறந்திருக்கலாம் என்றாள் தேங்காய்க்காரி.

ஒரு நாள் சிற்பி வந்து கடை முன்னால் நின்றான். மிளகாய் அக்கா நிமிரவில்லை.

"அன்னைக்கே உண்மையைச் சொல்லியிருந்தீங்கன்னா…"

"சொல்லல. என் தப்புதான். நீ ஒரு வாரம் இங்கயே கெடந்தியே, உனக்கு வந்தப்ப எங்க போனே?"

"எதிர்ல காபிக் கடைக்கு."

"அங்க என்னை விடுவானா?"

அவன் காபிக் கடையைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், தலையைக் குனிந்துகொண்டான். "எடுத்துடுங்கன்னு எழுதிக் குடுத்தேன் அக்கா. அது இப்ப நகரசபைச் சொத்து, செஞ்ச நானே தொடக் கூடாதுங்கறாங்க."

"அழாத. கேட்டதுக்குப் பதில் சொல்லு. மேல இருக்கிற தட்டு மழைக்கு ஒழுகுமா?"

"ஒழுகாது."

"தூணுல கயிறு கட்டினா தாங்குமா?"

"யானையைக் கட்டலாம்."

"நடுவுல சல்லடை இருக்கே, அந்தத் தண்ணி எங்க போகுது?"

அவன் திரும்பித் தட்டைப் பார்த்தான். "பழைய கக்கூஸ் குழாய்லதான் சேர்த்திருக்கு. நல்லா அகலமான குழாய். அந்தச் சல்லடையைக் கையாலயே தூக்கிடலாம்" என்றான்.

"சரி. நீ போ தம்பி" என்றாள். அன்றுதான் அவனை மறுபடியும் தம்பி என்றது.

அடுத்த திங்கட்கிழமை மருமகள் கடைக்கு வந்தாள். வர வேண்டாம் என்றுதான் சொன்னார்கள். நானும் வருவேன் என்று அந்த ஒரு விஷயத்தில் மட்டும் பிடிவாதம். அவள் வந்து சேர்ந்தபோது சந்தைப் பெண்கள் ஏற்கெனவே வேலையை ஆரம்பித்திருந்தார்கள். வெங்காயச் சாக்குகளைப் பிரித்து, கோணி ஊசியால் ஒன்றோடொன்று தைத்துக் கொண்டுவந்திருந்தார்கள். மூன்று தூணையும் சுற்றிக் கயிறு ஓடியது, கயிற்றிலிருந்து சாக்கு தரைவரை தொங்கியது. உள்ளே சல்லடையைத் தூக்கிச் சாய்த்துவைத்து, இரண்டு பக்கமும் செங்கல் போட்டாயிற்று. குழாயடியில் ஒரு வாளி, ஒரு குவளை. காவலாளி இதையெல்லாம் வேடிக்கை பார்த்துக்கொண்டா இருப்பான்? விசிலை ஊதிக்கொண்டே ஓடி வந்தான். தேங்காய்க்காரி அரிவாளும் கையுமாக அவனைப் பார்த்து, "இளநி வெட்டட்டுமா அண்ணே?" என்று மரியாதையாகக் கேட்டாள். அவன் நகரசபைக்குப் போன் போடப் போய்விட்டான்.

"நீ போ கண்ணு முதல்ல" என்றாள் மிளகாய் அக்கா. மருமகள் ஒரு சொம்புத் தண்ணீரை அத்தனை பேர் முன்னாலும் அண்ணாந்து மடமடவென்று குடித்தாள். வாயைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள்.

நகரசபை இரண்டு தெரு தள்ளித்தான். அதிகாரி காரிலிருந்து இறங்கி, மூச்சு வாங்க வந்தார். சட்டை அன்றைக்குக் கலைந்திருந்தது. சாக்கைப் பார்த்தார், வாளியைப் பார்த்தார். பேசினபோது அந்த மெல்லிய குரலைக் காணோம்.

"என்ன அக்கிரமம் இது! இது கலை! மக்கள் பணம்! எல்லாத்தையும் பிடுங்கி எறியுறேன் பாருங்க!"

சாக்கைப் பிடித்து இழுக்கக் கையை நீட்டினார். மிளகாய் அக்கா வாயைத் திறந்தாள். அதற்குள் உள்ளேயிருந்து ஒரு குரல் கிளம்பியது. வாயில் விரலை வைத்தால் கடிக்கத் தெரியாதவளின் குரல். அந்த எஃகுத் தட்டே அதிர்ந்து சந்தை முழுக்க எதிரொலித்தது.

"உள்ள ஆள் இருக்கு! நில்லு!"

அதிகாரி நின்றார்.